ஆண்டு விழாவுக்கு ஆறு கால்

வேலையில் சேர்ந்த அன்று என் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் நானே வரிசையாக அடுக்கி, ஓரம் மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "ரொம்ப நன்றி சார்" என்று வேறு சொன்னேன். விலங்கு மாட்ட வருகிறவரிடம் கையை வாகாகத் திருப்பிக் காட்டி, இன்னும் கொஞ்சம் இறுக்கினாலும் எனக்குச் சம்மதமே என்று சொல்வதற்கு ஒப்பான காரியம் அது. அன்றைக்கு எனக்கு அது நல்ல வளர்ப்பு என்று பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தனியார் பாலிடெக்னிக்குகள் முளைக்க ஆரம்பித்த சமயம். திண்டுக்கல்லுக்கு வெளியே ஆடுகள் மேய்ந்த செம்மண் பொட்டலில் எங்களுடையதும் ஒன்று முளைத்தது. தகவல் தெரியாத ஆடுகள் தொடர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். வகுப்பிலேயே கவனத்தோடு கேட்ட முகம் அதுதான்.

எங்கள் தாளாளர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். காய்கறிக் கமிஷன் மண்டி வைத்து மேலே வந்தவர். வெங்காயம் கொள்முதல் செய்த அதே முறையில்தான் ஆசிரியர்களையும் கொள்முதல் செய்தார். விலை படிந்ததும் சாக்கின் வாயைத் தைத்துக் குடோனில் வைத்துவிட வேண்டும். எங்கள் விஷயத்தில் சாக்கு என்பது சான்றிதழ். அவர் அறையில் ஓர் இரும்புப் பீரோ இருந்தது. எங்கள் எல்லாருடைய பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை அதற்குள் இருந்தது. இயற்பியல், கணிதம், ஆங்கிலம் என்று எல்லாத் துறைகளும் அங்கே ஒற்றுமையாகப் படுத்திருந்தன. பீரோவுக்கு வெளியே அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

தாளாளர் முரட்டு மனிதர் அல்ல. அதுதான் சிக்கல். முரடரிடம் சண்டை போடலாம். இவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டு, டீ வரவழைத்து, சொந்தக்காரரைப் போல வீட்டு நலம் விசாரித்து, கடைசியில் இல்லை என்பார். அவர் அறையிலிருந்து வெளியே வந்து வராந்தாவைத் தாண்டிய பிறகுதான் இல்லை என்று சொல்லியிருக்கிறார் என்பதே உறைக்கும்.

எனக்கு வெளியே போக ஒரு வழி வந்தது. எங்கள் நூலகத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய வெளிநாட்டு இதழ்களில் காலால் நடக்கும் இயந்திரங்களைப் பற்றி நிறைய இருந்தது. அமெரிக்காவில் ஆறு கால் இயந்திரம் ஒன்றை ஒருவர் மேலே உட்கார்ந்து ஓட்டினார். ஜப்பானில் நாலு காலில் ஒன்று படி ஏறியது. படத்தில் பார்க்க எல்லாமே பெரிய பூச்சிகளாக இருந்தன. சக்கரத்துக்கு மூளை வேண்டாம், தள்ளினால் உருளும். காலுக்கு அப்படி இல்லை. ஆறு காலில் எந்த மூன்று தரையில் நிற்க வேண்டும், எந்த மூன்று எழுந்து முன்னால் போக வேண்டும் என்று யாராவது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அதிலே கிறங்கிப் போனேன். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இதையே செய்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். நேரில் கூப்பிட்டார்கள். போனேன். எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் பிறப்பதற்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும் என்றார்கள். அசல் என்ற சொல்லை அவர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு மட்டும் அதில் பீரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன்.

"போலாமுங்க. யாரு வேண்டாம்னாங்க?" என்றார். டீ வந்தது. "அங்க போயி என்னங்க பண்ணப் போறீங்க?"

"காலால நடக்கிற மிஷின் சார்."

"மனுசனாட்டமுங்களா?"

"இல்ல சார், பூச்சி மாதிரி. ஆறு காலு. சக்கரம் போகாத எடத்துலகூட அது போகும்."

"நம்ம காலேஜு ரோட்டுலயே போகுமுங்களா?"

"போகும் சார்."

அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். லாரி லோடு கணக்குப் போடும்போதும் அப்படித்தான் மூடுவார். "அப்ப அத இங்கயே ஒண்ணு பண்ணிப்போடுங்க. வர்ற ஆண்டு விழாவுல எல்லாரு முன்னாலயும் நடக்கட்டும். அது நடந்துச்சுன்னா நீங்களும் நடையக் கட்டலாமுங்க. சர்டிபிகேட்ட நானே எடுத்து உங்க கையில குடுக்கறனுங்க."

'நடையைக் கட்டு' என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

"நடக்குமுங்களா?" என்றார்.

"நடக்கும் சார்" என்றேன்.

நம் மொழியில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலால் நடக்குமா என்றும் கேட்கலாம், காரியம் ஆகுமா என்றும் கேட்கலாம். நான் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிட்டேன். இரண்டுக்குமே என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே வேலை ஆரம்பமாயிற்று. உடம்புக்கு ஆங்கிள் இரும்பு, முழங்காலுக்கு சைக்கிள் பெடல் தண்டு, உயிருக்கு மாவாட்டும் கிரைண்டரின் மோட்டார். கால்களை முன்னும் பின்னும் வீச வைப்பது சுலபம். மோட்டாரோடு ஒரு தண்டை இணைத்துவிட்டால் அது பாட்டுக்கு வீசிக்கொண்டிருக்கும். எந்தக் கால் எப்போது தரையை விட்டு எழ வேண்டும் என்பதுதான் பிரச்சினை. வெளிநாட்டில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. எங்களிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குளிர்பதன அறையில் பட்டுத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள். மற்ற நாட்களில் தொந்தரவு செய்வதில்லை.

தீர்வு சின்னாளப்பட்டியில் கிடைத்தது. அக்காவுக்குச் சேலை எடுக்க ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்கு மேலே ஒரு மரப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதில் சின்னச் சின்ன மரச் சட்டங்களைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டம் முழுக்க ஓட்டைகள், சில ஓட்டைகளில் மட்டும் குச்சி. மிதிக்க மிதிக்கச் சங்கிலி ஒவ்வொரு சட்டமாக நகர்ந்தது, நூல்கள் ஏதோ ஓர் ஒழுங்கில் எழுந்து இறங்கின.

"இது என்னண்ணே?" என்றேன்.

"டாபி. கரையில பூப் போடுறதுக்கு" என்றார் நெசவாளர். முறுக்கிய மீசை. ஊர் நாடகத்தில் வருஷாவருஷம் எமன் வேஷம் கட்டுகிறவர். வேஷம் கலைத்த பிறகும் குரலைக் கலைப்பதில்லை. "குச்சி இருந்தா நூலு எந்திரிக்கும். இல்லாட்டி படுத்துக் கெடக்கும். அம்புட்டுத்தான்."

"நூலுக்குப் பதிலா காலக் கட்டுனா?"

"யாரு கால?"

"இரும்புக் காலுண்ணே."

அவர் தறியை நிறுத்திவிட்டு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், இங்கிட்டு வந்து பாரு. சேல வாங்க வந்தவரு காலு வேணுங்கிறாரு."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "வெயில்ல வந்திருக்காக, மோரக் குடுங்க மொதல்ல" என்றார்.

மோர் குடித்துவிட்டு விளக்கினேன். எமன் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். பரணில் கிடந்த பழைய டாபி ஒன்றைக் கொடுத்து, குச்சி போட்டுத் தரவும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "ஆண்டு விழா மேடையில மைக்கில என் பேரச் சொல்லணும் அப்பு. ஊரு, தெரு எல்லாம் சேத்து."

இப்படித்தான் என் இயந்திரத்துக்கு மூளை வந்தது. ஒரு கட்டத்தாளில் கால்களின் வரிசையைப் போட்டுக் கொடுத்தேன். கறுப்புக் கட்டம் என்றால் கால் மேலே, வெள்ளைக் கட்டம் என்றால் கால் தரையில். ஒரு பக்கம் முன்னும் பின்னும் உள்ள கால்களும் மறுபக்கத்து நடுக்காலும் ஒரு கட்சி, மீதி மூன்றும் எதிர்க்கட்சி. ஒரு கட்சி எழுந்து காற்றில் முன்னால் வீசும்போது மற்றது தரையை ஊன்றிப் பின்னால் தள்ளும். உடம்பு முன்னேறும். சேலைக்குப் படம் பார்த்துக் குச்சி போடுவதைப் போலவே இதற்கும் போட்டால் போதும் என்றேன். யோசித்துப் பார்த்தால், என் வாயாலேயே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் ஆங்கில விரிவுரையாளர் என் நிம்மதியைக் கெடுத்தார். கல்லூரிக்கு எதிரே டீக்கடை. அவருடைய சான்றிதழும் பீரோவில்தான் இருந்தது. நான் அன்றைய முன்னேற்றத்தைச் சொல்லி முடித்ததும் கேட்டார்: "மிஷின் நடக்கலைன்னா உங்கள விடமாட்டாரு. சரி. நடந்துட்டா?"

"விட்டுருவேன்னு சொல்லியிருக்காரே."

"ஏன் சார், நடக்கிற மிஷினப் பண்ணுன ஆள எவனாச்சும் வெளிய விடுவானா?"

டீ ஆறிப் போனது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் ஓட்டை எதுவும் இல்லை. நடக்காவிட்டால் நடக்க வைப்பதற்கு நான் வேண்டும். நடந்துவிட்டால் ஓட்டுவதற்கு நான் வேண்டும். அன்றிலிருந்து போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் எதை இறுக்குகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மீதி இருந்த வழி ஒன்றுதான். இயந்திரம் விழா மேடைக்கு முன்னால் ஒரே ஒரு முறை அழகாக நடக்க வேண்டும். அதன் பிறகு யார் தொட்டாலும் எழுந்திருக்காத அளவுக்குப் படுத்துவிட வேண்டும். அப்படி ஒன்றைத் திட்டமிட்டுச் செய்கிற திறமை எனக்கு இல்லை. ஆனால் நான் செய்த மற்ற பொருட்களின் நடத்தையைப் பார்த்தபோது, அது தானாகவே அமைந்துவிடும் என்று நம்ப இடமிருந்தது.

பொங்கல் விடுமுறைக்குப் போன ஆங்கில விரிவுரையாளர் திரும்பி வரவில்லை. சான்றிதழைக்கூட விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நான் அவருக்காக உண்மையாகவே வருந்தினேன். எம்.ஏ. படித்த மனிதர், படித்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எந்த ஊரில் அலைகிறாரோ என்று நினைத்துக்கொண்டே முழங்கால்களுக்கு கிரீஸ் தடவினேன்.

விழா நெருங்க நெருங்கத் தாளாளருக்கு யோசனைகள் வந்தன. முதல் யோசனை, ஆள் உட்கார வேண்டும் என்பது. "வெறும் மிஷினு போனா பொம்மைன்னு சொல்லிப்போடுவாங்க. ஆளு உக்காந்தாத்தானுங்க வாகனம்." ஆகவே நடுவில் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்றைப் பொருத்தினேன். அதற்கு இடது பக்கம் டாபிப் பெட்டி. பின்னால் மோட்டார். முன்னால் ஆடும் கம்பிகள். ஏறி இறங்க வலது பக்கம் மட்டும்தான். அங்கேயும் நடுக்கால் எழுந்து நின்றால் அதன் முழங்கால் நாற்காலிக் கைப்பிடிக்கு மேலே குறுக்கே வந்துவிடும், செக்போஸ்ட்டில் மூங்கில் இறக்கின மாதிரி.

இரண்டாவது யோசனை, ஸ்விட்ச் என் கையில் இருக்கக் கூடாது என்பது. சிறப்பு விருந்தினர் மேடையில் இருந்தபடியே ஸ்விட்ச் போட்டுத் துவக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். விழாவுக்கு முன்னால் இயந்திரம் தரையில் கால் வைக்கக் கூடாது. "மொத அடி நல்ல நேரத்துல வெக்கோணுமுங்க. அதும் பெரியவரு முன்னால வெக்கோணும். முன்னாடியே எவனாச்சும் பாத்துக் கண்ணு வெச்சுட்டா?"

"டெஸ்ட் பண்ணணுமே சார்."

"தூக்கிக் கட்டி டெஸ்ட் பண்ணுங்க. தொட்டில்ல கொழந்த கால ஆட்டறதில்லீங்களா?"

தூக்கிக் கட்டினோம். சங்கிலியில் தொங்கியபடி ஆறு காலும் மூன்று மூன்றாக, தாளம் தப்பாமல் எழுந்து இறங்கின. அந்தரத்தில் நடக்கிற ஒன்று எந்தத் திசையில் நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எமன் மீசையைத் தடவிக்கொண்டு, "கரை கட்டுன சேலை மாதிரியில்ல இருக்கு" என்றார். எனக்கும் கண் கலங்கியது. அந்த ஒரு நிமிஷம் பீரோவே ஞாபகத்தில் இல்லை. அது தப்பான அறிகுறி என்று இப்போது தெரிகிறது.

விழா அன்று மைதானத்தில் பந்தல். சிறப்பு விருந்தினர் வயதான மில் முதலாளி. இயந்திரத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, ஆறு பாதத்துக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். அதை மேடையைப் பார்த்தபடி மைதானத்தின் நடுவில் நிறுத்தினார்கள். மேடை ஓரத்து ஸ்விட்ச் போர்டிலிருந்து என்னிடம் வரை வயர். நான் மேடையை நோக்கித்தானே வரப்போகிறேன் என்று, பத்துப் பதினைந்து கஜத்துக்கு மேல் மிச்சம் விடாமல் வயரை வெட்டியிருந்தார்கள். கடன் வாங்கிய கோட்டுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். இரவு பஸ்ஸில் பெங்களூர் போவதற்காகப் பெட்டியைக் கட்டி அறையில் வைத்திருந்தேன்.

மைக்கில் தாளாளர் என் பெயரைச் சொன்னார். கல்லூரியின் பெயரை அதிகமாகவே சொன்னார். எமனுடைய பெயரை விட்டுவிட்டார். பெரியவர் ஸ்விட்சைப் போட்டார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மோட்டார் உறுமியது. மூன்று கால்கள் எழுந்தன. மேடை கொஞ்சம் சின்னதாயிற்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ தலைசுற்றல் என்று நினைத்தேன். அடுத்த மூன்று கால்கள் எழுந்தன. மேடை இன்னும் சின்னதாயிற்று. பெரியவர் புன்னகையோடு எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்கு நான் கையை இறக்காமல் கும்பிட்டபடியே, முகத்தை அவரை நோக்கி வைத்தபடியே, பின்னால் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்த என்னிடம் ஸ்விட்ச் இல்லை. இறங்க வழி இல்லை. முதல் வரிசையில் இருந்த பெற்றோர்கள் என்னை விட்டு விலகினார்கள், பின் வரிசையில் இருந்தவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். என் பெங்களூரிலிருந்து நான் ஒவ்வொரு அடியாக, மிக மரியாதையாக, விலகிப் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல் கொட்டகைப் பக்கம் வந்தபோது வயர் விறைத்து, போர்டிலிருந்து ப்ளக் பிடுங்கிக்கொண்டது. இயந்திரம் நின்றது. வலது நடுக்கால் எழுந்த நிலையில் நின்றது. முழங்கால் என் மடிக்கு மேலே குறுக்காக நின்றது.

கைதட்டல் அடங்கியதும் பெரியவர் மைக்கைப் பிடித்தார். "எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கேன். சந்நிதியில சாமி கும்பிட்டுட்டு முதுகு காட்டாம பின்னாலயே வருவோமில்ல? அந்தப் பணிவ ஒரு மிஷினுக்கே சொல்லிக் கொடுத்திருக்காங்க பாருங்க. இதுதான் படிப்பு. இதுதான் பண்பாடு." மறுபடியும் கைதட்டல். தாளாளர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

விழா தொடர்ந்தது. பரிசளிப்பு, பாட்டு, நாடகம், நன்றியுரை. எல்லாரும் மேடையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். நான் கொட்டகை ஓரத்தில், கேசரி வாசத்தில், முழங்காலுக்கு உள்ளே இருந்தேன். கையால் அதை அசைக்க முடியாது, ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் ஒர்க்‌ஷாப்பில். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் பெரியவரின் காருக்குக் காவல். கேசரி கிண்டிய சமையல்காரர் இரக்கப்பட்டு ஓர் இலைத்துண்டில் கொஞ்சம் வைத்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

எமன் கோபமாக வந்து சேர்ந்தார். "என்ன அப்பு, பேரச் சொல்லவே இல்லியே?"

"அத விடுங்கண்ணே. ஏன் பின்னாடி போச்சு?"

"அத ஓட்டுன ஆளு நீங்க. எங்கிட்ட கேக்குறீக?"

"கறுப்புக் கட்டத்துக்குத்தானே குச்சி போட்டீங்க?"

"கறுப்புக்கா? கறுப்புக்கு எவன் போடுவான்? வெள்ளைக்கில்ல போட்டேன்."

நான் கேசரியை விழுங்கினேன். "கறுப்புன்னா மேலன்னு சொன்னேனேண்ணே."

"மேலதான். சேலைக்கு மேல. தறியில நல்ல பக்கம் கீழயில்ல கெடக்கும்? நெய்யுறவன் பாக்குறது பின்பக்கம். படத்துல கறுப்பா இருந்தா நமக்கு அந்த நூலு எந்திரிக்கக் கூடாது. சேலைக்குப் போடுற மாதிரியே போடச் சொன்னது யாரு? நானா?"

அவர் சொன்னது புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. எழ வேண்டிய கால்கள் ஊன்றி நின்றன, ஊன்ற வேண்டியவை எழுந்தன. ஊன்றிய கால்கள் முன்னால் வீசியதால் உடம்பு பின்னால் தள்ளப்பட்டது. தப்பே இல்லாத தப்பு. ஒரு குச்சிகூட இடம் மாறவில்லை.

"சேலைய நெய்ஞ்சு முடிச்சு, அவுத்து, திருப்பிப் பாத்தா எல்லாம் சரியா இருக்கும்" என்றார் எமன்.

"இத எப்படிண்ணே திருப்பிப் பாக்குறது?"

"அது உங்க பாடு. ஏன், அங்கிட்டு மேடையில இருந்து பாத்தவுகளுக்குச் சரியாத்தான தெரிஞ்சிச்சு?"

நான் இலைத்துண்டில் மிச்சமிருந்த கேசரியை வழித்தேன்.

வாட்ச்மேன் சாவியோடு வந்து என்னை இறக்கியபோது பெங்களூர் பஸ் போயிருந்தது. மறுநாள் காலை பீரோ அறைக்குப் போனேன். டீ வந்தது.

"மிஷின் நடந்துச்சு சார்" என்றேன்.

"நடந்துச்சுங்க. யாரு இல்லைன்னாங்க?"

"அப்ப சர்டிபிகேட்..."

"ஏனுங்க, நீங்க போயிட்டா அத யாருங்க ஓட்டறது? பெரியவரு மில்லு விழாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்காருங்க. நிலக்கோட்டையில பூ யாவாரிக கேட்டிருக்காங்க."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மகிழ்ச்சியை எப்படியாவது குறைத்துவிட்டால் என்னை விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. "சார், அது உண்மையில முன்னாடி நடக்கணும். தப்பா பின்னாடி நடந்துருச்சு" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. "அப்ப இன்னும் நடக்கவே இல்லைன்னு சொல்லுங்க."

நடந்தால் ஒன்று, நடக்காவிட்டால் ஒன்று என்று ஆங்கில விரிவுரையாளர் இரண்டு கதவுகளைத்தான் சொல்லியிருந்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் சாத்திக்கொள்ள முடியும் என்பது என் கண்டுபிடிப்பு.

எமனைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து குச்சிகளை மாற்றிப் போட வைத்தேன். அந்த வாரமே ஒர்க்‌ஷாப் முற்றத்தில் இயந்திரம் முன்னால் நடந்தது. தாளாளரை நோக்கியே நடந்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். "இது நல்லா இல்லீங்க. முட்ட வர்றாப்பல இருக்குது. பழையபடியே போட்டுருங்க" என்றார். எமன் மறுபடியும் உட்கார்ந்து வெள்ளைக் கட்டத்துக்குக் குச்சி போட்டார்.

பிறகு மார்ச் மாதம் முழுவதும் வெங்காய லாரியில் நானும் இயந்திரமும் ஊர் ஊராகப் போனோம். முழங்கால்களில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். ரெட்டியார்சத்திரத்தில் ஒரு விவசாயி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உழுகுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாலு?" என்று கேட்டார். நிலக்கோட்டையில் பூ வியாபாரிகள் மல்லிகைச் சரங்களால் என்னையும் சேர்த்து மூடிவிட்டார்கள். எல்லா ஊரிலும் யாரோ ஒரு பெரியவர் ஸ்விட்ச் போட்டார், எல்லா ஊரிலும் நான் கும்பிட்டபடி பின்னால் போனேன். ஒரே ஒரு முறை நடந்து படுத்துவிடும் என்று நான் நம்பிய இயந்திரம், ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்து கெட்டுப்போகாத பொருள் அது ஒன்றுதான். ஏப்ரல் பிறந்தது. பெங்களூரில் எனக்காக வைத்திருந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். அறையில் கட்டி வைத்த பெட்டியைத் துணி மாற்றுவதற்காகத் திறந்தேன். அப்புறம் கட்டவில்லை.

கோடை விடுமுறையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆங்கில விரிவுரையாளரைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் நல்ல பை. அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

"சர்டிபிகேட் இல்லாம எப்படி சார் எடுத்தாங்க?" என்றேன்.

"இல்லாமயா? எல்லாம் இருக்கே. பஸ்ல தொலஞ்சு போச்சுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். யுனிவர்சிடியில வேற போட்டுக் குடுத்துட்டாங்க. மேல 'டூப்ளிகேட்'னு ஒரு சீல் இருக்கும். அம்புட்டுத்தான்."

அவருடைய பஸ் கிளம்புவதற்கு ஹாரன் அடித்தது.

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லத்தான் சார் நிலக்கோட்டைக்கு வந்தேன்" என்றார், படியில் ஒரு காலை வைத்தபடி. "பூ விழாவுல நீங்க இருப்பீங்கன்னு கேள்விப்பட்டு, கூட்டத்துக்குள்ள பூந்து நேரா உங்க முன்னாடிதான் வந்து நின்னேன். நீங்க என்னையப் பாத்ததும் ஒரு பெரிய கும்பிடாப் போட்டுட்டுப் பின்னாடியே போய்ட்டீங்க. சரி, நம்ம யோசனையெல்லாம் வேணாங்கிறாருன்னு நானும் விட்டுட்டேன்."